மென்பொருளுக்கும் பாயிரம் வேண்டும்: தொகுப்பு முன்தேவைகளை ஆவணப்படுத்துதல் குறித்து

அண்மைக் காலத் தமிழாய்வில் கணினி, கருவி என்னும் நிலையிலிருந்து சான்றுக்குத் துணைநிற்கும் நிலைக்கு உயர்ந்துள்ளது. அச்சுநூற் படிமங்களிலிருந்து எழுத்துணரி மென்பொருள் பிரித்தெடுத்த பாடமும், உருபனியல் பகுப்பி காட்டிய சொல்வடிவமும், தரவுத்தளம் வரிசைப்படுத்தித் தந்த சொல்லடைவும் இன்று ஆய்வு முடிபுகளைத் தாங்கி நிற்கின்றன. ஆயினும் அம்மென்பொருள் எவ்வாறு உருவாக்கப்பெற்றது என்பதற்கு ஆய்வுக் கட்டுரைகள் ஒதுக்கும் இடம் மிகச் சிறிது. 'திறமூல மென்பொருள் ஒன்றன் துணைகொண்டு பாடம் பெறப்பட்டது' என்னும் ஒரு தொடரே பலவிடத்தும் போதுமெனக் கருதப்படுகிறது. எந்தப் பதிப்பு, எக்கணினியில் தொகுக்கப்பட்டது, தொகுக்கும்போது உடனிருந்தவை எவை, இல்லாதிருந்தவை எவை என்பன கூறப்படுவதில்லை. கூறப்படாமையால் நேரும் இழப்பு தொழில்நுட்பம் சார்ந்தது மட்டுமன்று. அது பாடத்தைத் தொடுகிறது, எண்ணிக்கையைத் தொடுகிறது, சில வேளைகளில் முடிபையே தொடுகிறது.

திறமூல மென்பொருள் மூலநிரல் வடிவில் எவருக்கும் கிடைப்பது. மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் செயலைத் 'தொகுத்தல்' என்றும், அதனைச் செய்யும் நிரலைத் 'தொகுப்பி' என்றும் கணித்தமிழில் வழங்குவர். எந்த மென்பொருளும் தனித்து நிற்பதில்லை. படிமத்தைத் திறக்க ஒரு நிரலகம், எழுத்துருவைக் கோத்து வரைய மற்றொன்று, எழுத்துகளை வரிசைப்படுத்த வேறொன்று எனப் பிறர் எழுதிவைத்த நிரல்களின்மேல் அது அமைகிறது. தொகுக்கத் தொடங்குமுன் கணினியில் இருந்தாகவேண்டிய தொகுப்பி, நிரலகங்கள், அவற்றின் தலைப்புக்கோப்புகள், துணைக்கருவிகள் ஆகிய அனைத்தும் முன்தேவைகள் எனப்படும்.

தொகுத்தல் என்னும் சொல் தமிழ்ப் புலமையுலகிற்குப் புதியதன்று. எட்டுத்தொகை நூல்களின் பழங்குறிப்புகள் தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார், தொகைக்குக் கொள்ளப்பெற்ற அடியளவு யாது என்பவற்றைக் கூறுகின்றன. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என அறிகிறோம் என்று இன்றும் எழுத முடிவது அக்குறிப்பு எஞ்சியதாலேயே. நற்றிணையைத் தொகுப்பித்தவர் பெயர் எஞ்சிற்று. தொகுத்தவர் பெயர் எஞ்சவில்லை. அவ்வொரு பெயரின் இன்மை எத்தனை ஊகங்களுக்கு இடமளித்தது என்பதைத் தமிழாய்வாளர் அறிவர்.

இதனினும் நெருங்கிய ஒப்புமை பாயிர மரபில் உண்டு. சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவற்றுள் 'யாப்பு' ஒன்று. இவ்விடத்து அச்சொல் செய்யுளியலில் கொள்ளும் பொருளைக் கொள்வதில்லை. இன்ன நூலைக் கற்றபின்னரே இந்நூலைக் கற்கத் தகும் என்னும் இயைபை அது குறிக்கும் என நன்னூல் உரைமரபு விளக்குகிறது. ஒன்றனுக்கு முன் எது இருக்கவேண்டும் என்பதை நூலின் வாயிலிலேயே அறிவிக்கவேண்டும் என்பது இதன் கருத்து. மென்பொருளின் முன்தேவைப் பட்டியல் செய்யும் பணியும் இதுவே. ஆகவே, இப்பட்டியலைக் கணினியியலார் தம்முள் வைத்துக்கொள்ளும் குறிப்பாக எண்ணாது, ஆய்வுக் கட்டுரையின் பாயிரமாகவே கொள்ளவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் நிலைப்பாடு.

எழுத்துணரியின் முன்தேவைகள்

தமிழ் அச்சுநூல்களை எண்ணிம வடிவாக்குவோர் பலர் நாடும் திறமூல எழுத்துணரி டெசரக்ட். எச்.பி. நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை வளர்ந்து, 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்டு, 2006 முதல் கூகுளின் ஆதரவைப் பெற்றது. நரம்பியல் வலைப்பின்னல் வழி வரிகளை உணரும் முறை 2018இல் வந்த 4ஆம் பதிப்பில் சேர்ந்தது. 5ஆம் பதிப்பு 2021 நவம்பரில் வெளிவந்தது. இவ்வரலாற்றினும் இங்குத் தேவைப்படுவது அதன் அடித்தளம் பற்றிய செய்தி. டெசரக்ட் தானாக எந்தப் படிமத்தையும் திறப்பதில்லை. அப்பணியை லெப்டோனிகா என்னும் நிரலகத்திடம் ஒப்படைக்கிறது. லெப்டோனிகாவும் தானாகத் திறப்பதில்லை. ஜேபெக் படிமத்திற்கு ஒரு நிரலகம், பிஎன்ஜி படிமத்திற்கு ஒன்று, டிஃப் படிமத்திற்கு ஒன்று என அதுவும் பிறவற்றைச் சார்ந்துள்ளது.

இவற்றுள் டிஃப் நிரலகத்தின் தலைப்புக்கோப்புகள் இல்லாத கணினியில் லெப்டோனிகாவைத் தொகுத்தால் தொகுப்பு நிற்பதில்லை. டிஃப் இல்லாத லெப்டோனிகா ஒன்று முறையாக உருவாகும். அதன்மேல் டெசரக்டும் முறையாக உருவாகும். பின்னொருநாள் நூலகத்திலிருந்து பெற்ற டிஃப் படிமத்தைத் திறக்க முயலும்போதுதான், அச்செயற்கூறு இல்லை என்னும் பிழைச்செய்தி தோன்றும். பாதுகாப்புப் படிகளை டிஃப் வடிவில் வைப்பது நூலகங்களின் வழக்கமாதலால் இது அரிய நிகழ்வன்று. இந்நிலையில் பலர் செய்வது, படிமங்களை ஜேபெக் வடிவிற்கு மாற்றிக்கொள்வது. ஜேபெக் தகவலை இழந்து சுருக்கும் வடிவம். மங்கிய அச்சில் புள்ளி உள்ளதா இல்லையா என ஐயுறும் இடத்தில் அவ்விழப்பு பொருட்படுத்தத்தக்கது. ஒரு நிரலகத்தின் இன்மை, படிமத்தின் வடிவத்தை மாற்றி, அதன்வழிப் பாடத்தையும் மாற்றக்கூடும். கட்டுரையிலோ இச்சங்கிலியின் ஒரு கண்ணியும் பதிவாவதில்லை.

தமிழ் எழுத்துருக்களுக்கு டெசரக்டைப் புதிதாகப் பயிற்றுவிக்க விரும்புவோர்க்கு வேறு மூன்று நிரலகங்களும் தேவை: ஐசியூ, பாங்கோ, கெய்ரோ. பயிற்சிக்குரிய உரையை எழுத்துருவில் வரைந்து படிமமாக்கும் கருவி, எழுத்துகளைக் கோக்கும் பணியைப் பாங்கோவிடம் விடுகிறது. பாங்கோ அதனை ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகத்திடம் விடுகிறது. 'கொ' என்னும் எழுத்தில் ககரத்தின் இருபுறமும் குறிகள் அமைவதும், 'கு', 'கூ' என்பவற்றில் வடிவமே மாறுவதும் இந்நிரலகம் செய்யும் கோப்பின் விளைவு. ஆதலால் தமிழ்ப் பயிற்சித் தரவின் தரம் இவற்றின் பதிப்பைச் சார்ந்தது எனலாம். இம்மூன்றும் இல்லாதபோது தொகுப்பின் தொடக்கத்தில், பயிற்சிக் கருவிகள் உருவாக்கப்படா என ஓர் எச்சரிக்கை வரும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அவ்வரி கண்ணில் படாமற் போவதே இயல்பு.

பிழைச்செய்தி எப்போதும் இல்லாத பொருளையே சுட்டும் எனவும் கொள்ளலாகாது. டெசரக்டின் மூலநிரலைத் தொகுக்க முனைவோர் பலர் எதிர்கொண்ட பிழையொன்று 'லெப்டோனிகா' என்னும் சொல்லருகே தொடரமைப்புப் பிழை எனக் கூறும். லெப்டோனிகா கணினியில் முறையாக இருக்கும்போதும் இது தோன்றும். உண்மையில் இல்லாதது, நிரலகங்கள் எங்குள்ளன எனத் தேடித்தரும் பிகேஜி-கன்ஃபிக் என்னும் சிறு கருவி. இதனை அறியாதவர் லெப்டோனிகாவை மீண்டும் மீண்டும் நிறுவிப் பொழுதிழப்பர். முன்தேவைப் பட்டியலில் ஒரு சொல் இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய உழைப்பு அது.

தமிழ் உருபனியல் பகுப்பிலும் இதே நிலை, சிறிய அளவில், காணப்படுகிறது. தமிழிமார்ஃப் என்னும் பகுப்பி ஃபோமா என்னும் முடிவுறுநிலைக் கருவியைக் கொண்டு அமைந்தது. மான்ஸ் ஹுல்டன் 2009இல் அறிமுகப்படுத்திய ஃபோமாவைத் தொகுக்க ஃபிளெக்ஸ், பைசன், ரீட்லைன், இசட்லிப் ஆகியன வேண்டும். இவற்றுள் முதலிரண்டும் தொகுக்கும் பொழுதிற்கு மட்டும் உரியன. பின்னிரண்டும் ஃபோமா இயங்கும்போதும் உடனிருக்க வேண்டியன. இவ்வேறுபாட்டைக் காட்டாத பட்டியல், வேறு கணினிக்குக் கருவியைக் கொண்டுசெல்வோரைத் தடுமாறச் செய்யும்.

ஒரே மூலநிரல், இரு அகரவரிசைகள்

தொகுப்பை நிறுத்தும் முன்தேவை தீங்கற்றது. அது தன் இன்மையைத் தானே அறிவித்துவிடுகிறது. இல்லாதபோதும் தொகுப்பை நிறுத்தாது, விளைவை மட்டும் மாற்றிவிடும் விருப்பத் தேவைகளே ஆய்வாளர் அஞ்சத்தக்கவை. சொல்லடைவுப் பணியில் இது தெளிவாகப் புலப்படும்.

ஒருங்குறியில் தமிழ் மெய்கள் அமைந்துள்ள வரிசை தமிழ் நெடுங்கணக்கின் வரிசையன்று. நகரத்தை அடுத்தே னகரம் வருகிறது. ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும் வந்தபின்னரே வகரம் வருகிறது. ஆய்தம் அகரத்திற்கும் முன் நிற்கிறது. புள்ளிக்குரிய குறியெண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டது. ஆகவே குறியெண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் மென்பொருள் கணம், கணை, கண் என அடுக்கும். அகராதி மரபோ கண், கணம், கணை என அடுக்கும்.

மேசைக்கணினிகளில் மிகுதியும் பயன்படும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் இயல்பாகச் சொற்களை ஒப்பிடுவது குறியெண் வழியேயாம். மொழிமரபுப்படி வரிசைப்படுத்தும் விதிகளைக் கொண்ட ஐசியூ நிரலகத்தோடு அதனை இணைத்துத் தொகுக்க இயலும். ஆனால் அது விருப்பத் தேவை. தொகுப்பவர் அதற்கெனக் கட்டளை தந்தாலன்றி இணைக்கப்படுவதில்லை. இணைத்தபின்னும் தமிழ் வரிசையைப் பெயர்சுட்டி அழைத்தாலன்றி அது செயற்படுவதில்லை. ஆக, ஒரே மூலநிரலிலிருந்து இருவர் தொகுத்த இரு எஸ்க்யூலைட்டுகள், ஒரே சொற்பட்டியலை இருவேறு அகரவரிசைகளில் தரக்கூடும். இரண்டும் பதிப்பெண்ணைக் கேட்டால் ஒரே எண்ணையே கூறும்.

வரிசை மாறுவது தோற்றம் பற்றிய செய்தி மட்டும் என்று ஒதுக்க இயலாது. 'மர' என்பது தொடங்கி 'மள' என்பதற்கு முன்வரையுள்ள சொற்களைத் தருக எனத் தரவுத்தளத்தைக் கேட்பதாகக் கொள்க. நெடுங்கணக்கு வரிசையில் மரம், மலர், மவ்வல், மழை ஆகியன அவ்வெல்லைக்குள் அடங்கும், மறம் அடங்காது. குறியெண் வரிசையில் மரம், மறம், மலர் ஆகியன அடங்கும். மவ்வலும் மழையும் விடுபடும். பிழைச்செய்தி எதுவும் வராது. விடையாக ஓர் எண்ணிக்கை வரும். அவ்வெண்ணிக்கை அட்டவணையில் இடம்பெறும். முல்லைத்திணைப் பாடல்களின் சொல்வழக்கை ஆராயும் ஒருவர்க்கு மழை என்னும் சொல் விடுபட்ட அட்டவணை எத்தகைய முடிபைத் தரும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

போஸ்ட்கிரஸ் என்னும் பெருந்தரவுத்தளத்தின் வரலாறு இவ்வகையில் கவனிக்கத்தக்கது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் ஐசியூ இணைப்பு விருப்பத் தேவையாக நுழைந்தது. 2023இல் வந்த 16ஆம் பதிப்பில் அது இயல்நிலைத் தேவையாக்கப்பட்டது. வேண்டாதவர் வேண்டாமென வெளிப்படையாகக் கூறினாலன்றி, ஐசியூ இல்லாத கணினியில் தொகுப்பு நின்றுவிடும். பலர்க்கு இது இடையூறாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் தமிழ் போன்ற மொழிகளை நோக்க இதுவே நேர்மையான வழி. மௌனமாக நேர்ந்துகொண்டிருந்த ஒன்றைத் தொகுப்பவர் வாயால் சொல்லவைக்கிறது அம்மாற்றம்.

ஐசியூ இல்லாதபோது போஸ்ட்கிரஸ் இயங்குதளத்தின் அடிப்படை நிரலகத்தின் வரிசைகளை நம்பும். லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலானவற்றில் அது ஜிலிப்சி. 2018 ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.28இல் வரிசைப்படுத்தல் அட்டவணைகள் பெருமளவில் புதுக்கப்பட்டன. பழைய பதிப்பில் கட்டிய அடைவுகளை அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மேம்படுத்தியவர்கள், இருக்கும் சொல்லைத் தேடியும் கிடைக்கப்பெறாத நிலைக்கு ஆளாயினர். அடைவுகளை மீளக் கட்டவேண்டியதாயிற்று. இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும் முன்தேவைப் பட்டியலின் முதல் வரியில் வைப்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

பட்டியல்கள் பிழைபடும் வகை

மென்பொருளுடன் வரும் நிறுவற்குறிப்பில் இவை யாவும் இருக்குமே என்பர் சிலர். ஜிஎன்யூ மரபைப் பின்பற்றும் மூலநிரல் பொதிகள் பலவற்றில் 'இன்ஸ்டால்' என்னும் கோப்பொன்று உண்டு. அதனைத் திறந்து பார்ப்பின், பல பொதிகளில் ஒரே வாசகமே காணப்படும். டேவிட் மெக்கென்சி 1991இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப் கருவித்தொகுதியைச் சார்ந்து வழங்கப்படும் பொதுக்குறிப்பு அது. எவ்வாறு தொகுப்பது என்பதை நன்கு விளக்கும் அக்குறிப்பு, இம்மென்பொருளுக்கு எவை முன்தேவை என்பதைச் சொல்லாது, சொல்லவும் இயலாது. எல்லா நூல்களுக்கும் பொதுவான பாயிரம் ஒன்றை அச்சிட்டு ஒவ்வொன்றின் முன்னும் ஒட்டியது போன்றது அது.

மென்பொருளுக்கெனத் தனியே எழுதப்படும் பட்டியல்களும் குறைபடுகின்றன. எழுதுவோர் தம் மேசைக்கணினியிலிருந்து எழுதுவதே இதற்கு முதற்காரணம். ஆண்டுக்கணக்கில் பயன்பட்ட கணினியில் எண்ணற்ற நிரலகங்கள் ஏதோவொரு தேவைக்காக வந்து சேர்ந்திருக்கும். முன்பே இருப்பது தேவையெனத் தோன்றுவதில்லை; இன்று தேடி நிறுவியது மட்டுமே நினைவில் நிற்கும். நினைவிலிருந்து எழுதும் பட்டியல் ஆகவே எப்போதும் குறைப்பட்டியல்தான். டெபியன் வழங்கலின் பொதியாளர் இச்சிக்கலை நெடுங்காலமாக அறிந்து, அதற்கு விடையும் கண்டுள்ளனர். அங்கு ஒவ்வொரு மூலப்பொதியும் தன் தொகுப்புச் சார்புகளைக் கட்டுப்பாட்டுக் கோப்பில் ஒரு தனிப் புலத்தில் அறிவித்தாகவேண்டும். தொகுப்பி முதலிய மிக அடிப்படையான சில கருவிகள் மட்டுமே இதற்கு விலக்கு. அவ்விலக்கும் இன்னவற்றிற்கு என வரையறுக்கப்பட்டுள்ளது. பட்டியல் நிறைவானதா என அறிய, அவ்வடிப்படைக் கருவிகளும் அறிவிக்கப்பட்ட சார்புகளும் அன்றி வேறெதுவும் இல்லாத வெற்றுச் சூழலில் பொதியைத் தொகுத்துப் பார்க்கின்றனர். தொகுப்பு நின்றால் பட்டியலில் குறை என்பது வெளிப்படும். தமிழ்த்துறையொன்றில் இதனைச் செய்யப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மெய்நிகர் கணினி ஒன்றில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் சேர்த்துத் தொகுத்துப் பார்த்தல் ஒரு பிற்பகற்பொழுதில் முடியும் பணி.

பெயர்களும் இடர் தருவன. நிரலகம் கணினியில் இருக்கிறது, ஆயினும் 'இல்லை' எனத் தொகுப்பு நின்றுவிடுகிறது என்பது புதியோர் அடிக்கடி கூறும் குறை. டெபியனும் உபுண்டுவும் நிரலகத்தை இரண்டாகப் பிரித்து வழங்குகின்றன: இயங்குவதற்குரிய பகுதி ஒரு பொதி, தொகுப்பதற்குரிய தலைப்புக்கோப்புகள் 'டெவ்' என்னும் பின்னொட்டுடைய மற்றொரு பொதி. ஃபெடோராவில் அப்பின்னொட்டு 'டெவெல்' என்றாகும். 'டிஃப் நிரலகம் வேண்டும்' என்று மட்டும் எழுதிய பட்டியல் இவ்விடத்தில் பயன்படாது.

பட்டியல் காலத்தால் பழமையுறுவதும் உண்டு. டெசரக்டின் பழைய குறிப்புகளில் பிஎன்ஜி நிரலகத்தின் பொதிப்பெயர் 12 என்னும் எண்ணோடு சேர்ந்தே வழங்கியது. 2017இல் வெளிவந்த டெபியன் 9 அந்நிரலகத்தின் 1.6 வரிசைக்கு மாறியபின் அப்பெயரில் பொதி இல்லை. குறிப்பை எழுதியவர் அன்று எழுதியது சரியே. எந்நாளில், எவ்வழங்கலுக்கு எழுதினார் என்பது இல்லாமையால் இன்று அது பிழைபோல நிற்கிறது. பாயிரத்திற்குரிய செய்திகளுள் காலத்தையும் களத்தையும் சேர்த்த இலக்கணிகளின் நுட்பம் இங்கு நினைக்கத்தக்கது.

கட்டுரையில் இடம்பெற வேண்டியவை

இவ்வளவும் எழுதப் பக்கங்கள் ஏது என்னும் வினா எழும். பக்கங்கள் தேவையில்லை, ஒரு பத்தி போதும். டெசரக்டிடம் அதன் பதிப்பைக் கேட்டால், தன் எண்ணோடு லெப்டோனிகாவின் எண்ணையும், உடன் இணைந்துள்ள படிம நிரலகங்கள் ஒவ்வொன்றன் எண்ணையும் சேர்த்தே கூறும். அச்சில வரிகளை அப்படியே கட்டுரையின் பின்னிணைப்பில் இடுதல் எவர்க்கும் எளிது. டிஃப் நிரலகம் இணைந்ததா இல்லையா என்பது மேற்கூறிய இடரை முழுதும் அறியாத வாசகர்க்கும் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

மாதிரிக்கு ஒன்று: 'இயங்குதளம் டெபியன் 12. டெசரக்ட் 5.3.0 மூலநிரலிலிருந்து தொகுக்கப்பட்டது. கட்டாயத் தேவைகள்: சி++17 தரத்தை ஏற்கும் தொகுப்பி, பிகேஜி-கன்ஃபிக், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், லெப்டோனிகா 1.82.0 தலைப்புக்கோப்புகளுடன். விருப்பத் தேவைகளுள் இணைக்கப்பட்டவை: டிஃப், பிஎன்ஜி, ஜேபெக் நிரலகங்கள், பயிற்சிக் கருவிகளுக்கு ஐசியூ, பாங்கோ, கெய்ரோ. தமிழுக்கான பயிற்சித் தரவு, மும்முறைத் தரவுத் தொகுதிகளுள் உயர்துல்லியத் தொகுதியினது. புதிதாக நிறுவிய மெய்நிகர் கணினியில் தொகுத்துச் சரிபார்க்கப்பட்டது.' இதற்கு மேல் வேண்டுவதில்லை. பயிற்சித் தரவு தொகுப்பின் முன்தேவையன்று எனினும், விரைவுத் தொகுதியும் உயர்துல்லியத் தொகுதியும் ஒரே பக்கத்திலிருந்து வேறுவேறு பாடங்களைத் தரக்கூடும் ஆதலால் அதனையும் உடன் குறித்தல் நன்று. டெபியன் வழங்கலின் ஆயத்தத் தமிழ்த் தரவுப் பொதி விரைவுத் தொகுதியிலிருந்து வருவது என்பதையும் பலர் அறியார்.

விருப்பத் தேவைகளை இரு கூறாக எழுதுவதே சிறந்தது: இணைக்கப்பட்டவை, வேண்டுமென்றே விடப்பட்டவை. பின்னதைக் குறிப்பது மிகையெனத் தோன்றலாம். பதிப்பாசிரியர் ஒருவர், இன்ன ஏட்டைக் கண்டேன் என்பதோடு இன்ன ஏடு கிடைக்கவில்லை எனவும் எழுதும்போதுதான் அவர்தம் பாடத்தின் வரம்பு தெரிகிறது. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடுகள் எவரிடமிருந்து கிடைத்தன எனப் பெயர்சுட்டி எழுதியதை நன்றியுரை என மட்டும் படிப்போர் உளர். அது சான்றுரையும் ஆகும்.

ஆயத்தப் பொதியாகக் கிடைப்பதை ஏன் தொகுக்கவேண்டும் என்பது மற்றொரு மறுப்பு. பெரும்பாலோர்க்கு ஆயத்தப் பொதியே போதும். அதனைப் பரிந்துரைப்பதில் தடையில்லை. எனினும் பழைய இயங்குதளத்தில் புதிய பதிப்பு வேண்டுவோர், மூலநிரலில் திருத்தம் செய்வோர், விருப்பத் தேவையொன்றைச் சேர்க்க விரும்புவோர் ஆகியோர் தொகுத்தே ஆகவேண்டும். ஆயத்தப் பொதியும் எவரோ ஒருவர் தொகுத்ததே. அதன் சார்புப் பட்டியல் வெளிப்படையாகக் கிடைப்பதால் பொதியின் பெயரும் முழுப் பதிப்பெண்ணும் குறித்தாலே கடமை முடிந்துவிடும்.

கொள்கலம் எனப்படும் உறைபடிவத்தில் முழுச் சூழலையும் அடைத்து வழங்கிவிடலாம் என்பார் கூற்று இதனினும் வலியது, ஓரளவு ஏற்கத்தக்கதும்கூட. மறு ஆய்வுக்கு அது பேருதவி. ஆனால் உறைபடிவம் இருப்பவற்றை மட்டும் காட்டும். அவற்றுள் எது எதற்காக உள்ளது, எது இன்றியமையாதது, எது தற்செயலாக வந்தது என்பதைக் காட்டாது. ஏட்டின் நிழற்படம் ஒன்றைத் தந்துவிட்டு ஏட்டு விளக்கத்தை விட்டுவிடுவதை ஒக்கும். மீளுருவாக்கத் தொகுப்பு இயக்கத்தைச் சார்ந்து டெபியன் மேற்கொண்ட முறை இங்கு வழிகாட்டக்கூடியது: தொகுக்கும்போது உடனிருந்த பொதிகளின் துல்லியமான பதிப்புகளைத் தனிக்கோப்பில் எழுதி, உருவான பொதியோடு அதனையும் வைக்கின்றனர். மனிதர் படிக்கும் விளக்கம் ஒன்றும், பொறி எழுதும் பதிவு ஒன்றும் என இரண்டும் இருப்பதே முறை. தமிழாய்விதழ்கள் முன்னதைக் கட்டுரையிலும் பின்னதைத் துறையின் தரவகத்திலும் வைக்குமாறு கேட்கலாம்.

இவ்விளக்கம் தமிழில் இருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. கட்டளைவரியில் இடவேண்டிய பொதிப்பெயர் உரோமன் எழுத்தில், ஓரெழுத்தும் பிசகாது தரப்படவேண்டும். அது எதற்கு, இல்லையேல் என்ன நேரும் என்பது தமிழில் எழுதப்படவேண்டும். இதற்குரிய கலைச்சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. 'சார்பு', 'தேவை', 'முன்தேவை' ஆகிய மூன்றும் ஒரே பொருளில் கலந்து வழங்குகின்றன. டெபியன் மரபு தெளிவாகப் பிரிக்கும் இருவகைகளுக்குத் தமிழிலும் இரு பெயர்கள் வேண்டும். தொகுக்கும் பொழுதிற்கு உரியதைத் தொகுப்புச் சார்பு என்றும், இயங்கும் பொழுதிற்கு உரியதை இயக்கச் சார்பு என்றும் வழங்கலாம். இவ்விரண்டினையும் உள்ளடக்கி, கட்டாயம், விருப்பம் எனப் பகுக்கப்படும் பொதுப்பெயராக முன்தேவை என்பதைக் கொள்ளலாம். ஃபிளெக்ஸும் பைசனும் ஃபோமாவின் தொகுப்புச் சார்புகள். ரீட்லைனும் இசட்லிப்பும் இரண்டுமாவன. ஐசியூ எஸ்க்யூலைட்டிற்கு விருப்ப முன்தேவை, போஸ்ட்கிரஸ் 16க்கு விலக்கினாலன்றி நீங்காத முன்தேவை.